கவிஞர் ஹொரேஸும் இன்றைப் பொழுதும்

மேனாட்டுச் சூரிய கடிகாரங்கள் பலவற்றில் இரண்டு இலத்தீன் சொற்கள் பொறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். 1989-ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம் ஒன்றில் ஆசிரியர் ஒருவர் தம் மாணாக்கர் செவியில் ஓதுவதும் அவ்விரு சொற்களே. பொழுதைக் கைப்பற்றுக என்று ஆங்கிலர் அவற்றிற்குப் பொருள் உரைப்பர். அவற்றைக் கவியிற் பொதிந்து வைத்தவர் ரோமாபுரிக் கவிஞராகிய ஹொரேஸ். உண்டு களித்துப் பொழுது போக்குவார்க்கு இவர் ஒரு குருவென்று எண்ணுவார் பலர். நாமும் ஒருகால் அங்ஙனமே எண்ணியிருந்தோம். அவர்தம் வாழ்க்கையைக் கற்ற பின்னர் அவ்வெண்ணம் நம்மை விட்டு அகன்றது.

ஹொரேஸ் கி. மு. 65-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், தென் இத்தாலியாவிலுள்ள வெனூசியா என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அடிமைத்தளையினின்று விடுதலை பெற்றவர். சிறு நிலம் ஒன்று உடையவர். ஏலங்களிற் பணம் வசூலிக்கும் தொழிலினர். உள்ளூர்ப் பள்ளியில் போர்வீரர் தலைவர்களின் பிள்ளைகள் பயின்று வந்தனர். அது போதுமென்று அவர் அமைந்தாரல்லர். பிரபுக்களின் மக்கள் கற்பனவற்றையே தம் மகனும் கற்றல் வேண்டுமென்று துணிந்து, அவனை ரோமாபுரிக்கு அழைத்துச் சென்றார். ஆங்கே பணியாளன் ஒருவனை ஏவாது, தாமே மகனுடன் ஒவ்வோர் ஆசிரியர் இல்லத்திற்கும் நடந்து சென்று, பாடம் முடியுமளவும் காத்திருந்தார். அவ்வாசிரியருள் ஒர்பிலியஸ் என்பார் பிரம்படிக்குப் பேர் போனவர். அவரைக் கவிஞர் பிற்காலத்தும் மறந்திலர். (மாணாக்கர் எவர்தாம் மறப்பர்!) இத்துணைப் பொருட்செலவு செய்தும், மகன் இறுதியில் தம்மைப் போல் ஏலத்தொழிலில் அமர்ந்தாலும் தமக்கு வருத்தமில்லை என்ற மனமுடையவர் அத்தந்தை. பேரரசர் அவையிற் பழகிய காலத்தும், மீண்டும் பெற்றோரைத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பு நேரினும் தம் தந்தையையே தெரிந்தெடுப்பதாகக் கவிஞர் எழுதி வைத்தார். அவர் நூல்கள் முழுமையிலும் இப்பகுதியைப் போல் நம் உள்ளத்தைக் கவர்வது பிறிதொன்றில்லை.

பின்னர் உயர்தரக் கல்வியின் பொருட்டு ஏதென்ஸ் மாநகர் சென்றார். தத்துவ நூல்களிலும் கிரேக்கக் கவிகளிலும் திளைத்திருந்த காலத்தில், கி. மு. 44-ஆம் ஆண்டில் ஜூலியஸ் சீசர் கொலையுண்டார். அவ்வாண்டிலேயே புரூட்டஸ் ஏதென்ஸ் வந்தடைந்து, குடியரசைக் காக்கவென்று இளைஞரைத் தம் படையிற் சேர்த்தார். ஹொரேஸும் சேர்ந்தார். முன்னாள் அடிமையின் மகனாகிய அவர்க்குப் படையில் டிரிபியூன் என்னும் உயர்பதவி கிடைத்தது. கி. மு. 42-ஆம் ஆண்டில் பிலிப்பிப் போர் நிகழ்ந்தது. புரூட்டஸ் தோல்வியுற்றுத் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஹொரேஸ் கேடயத்தை விட்டு ஓடினார். இதனைப் பிறர் கூறவில்லை. அவரே தம் பழைய போர்த்தோழர் ஒருவர்க்குப் பாடிய கவியில் நகையொடு கூறுகின்றார். புறமுதுகிடுதலை வசையென்று புறநானூற்றிற் கற்ற நமக்கு இந்நகை வியப்பையே தரும். கிரேக்கப் புலவரும் முன்னர் இங்ஙனம் பாடியுள்ளாராதலின், இதனை முழு உண்மையெனக் கொள்ளாதாரும் உளர்.

அப்பொழுது அவர்க்கு வயது 22. மன்னிப்புப் பெற்று இத்தாலியா மீண்டபொழுது தந்தையின் வீடும் நிலமும் பறிபோயிருந்தன. நம்பிய கட்சியும் அழிந்தது, தலைவரும் மாண்டார், கைப்பொருளும் இல்லை. எஞ்சிய சிறுபொருளைக் கொண்டோ வேறெவ்வகையிலோ அரசாங்கக் கருவூலத்தில் எழுத்தர் உத்தியோகம் ஒன்றை விலைக்கு வாங்கினார். பகலிற் கணக்குச் சுவடிகளைப் பார்த்து, எஞ்சிய நேரத்திற் கவி எழுதினார். வறுமையே தம்மைக் கவி பாடத் தூண்டிற்றென்பது அவர் கூற்று. பெருநம்பிக்கை ஒன்று ஒரே நாளில் இடிந்து வீழக் கண்டவர் அவர். வருங்காலத்தை நம்பற்க என்று அவர் பின்னாளிற் பாடியது சோம்பரின் உபதேசமன்று என்பதை இங்கே நாம் அறிகின்றோம்.

நிற்க. வர்ஜில், வேரியஸ் என்னும் கவிஞர் இருவர் அவரை மெசீனஸ் என்னும் செல்வரிடம் அறிமுகம் செய்வித்தனர். மெசீனஸ், ஒக்டேவியன் சக்கரவர்த்தியின் நெருங்கிய துணைவர். முதற் சந்திப்பில் ஹொரேஸ் நாணத்தால் நாக்குழறிச் சில சொற்களே பேசினார். தம் பிறப்பை மட்டும் மறைத்திலர். செல்வரும் சுருங்கப் பேசி அனுப்பிவிட்டார். ஒன்பது மாதங்கள் கழிந்தன. அதன் பின்னரே அழைப்பு வந்தது. அன்று தொடங்கிய சிநேகம் இறுதிவரை நீடித்தது.

சில ஆண்டுகளில் மெசீனஸ் அவர்க்குச் சபைன் மலைநாட்டில் ஒரு பண்ணையை ஈந்தார். அது ரோமாபுரிக்கு வடகிழக்கே ஏறத்தாழ 30 மைல் தொலைவில், இக்காலத்து லிசென்சா என்னும் ஊரின் அருகில் உள்ளது. சிறு தோட்டம், வற்றாத நீரூற்று, கொஞ்சம் காடு, ஐந்து குடியானவர் குடும்பங்கள் என்னும் இவையே அவர் வேண்டியவை. இவற்றினும் மிக்கதை அவர் வேண்டிலர். எனினும் ஒன்றைச் சொல்லாதிருத்தல் கூடாது. அந்நிலத்தில் அடிமைகள் எண்மர் உழைத்தனர். அடிமையாயிருந்தவர் மகனின் மனநிறைவு பிற அடிமைகளின் உழைப்பின்மேல் நின்றது. அக்காலத்து வழக்கம் அதுவேயென்று கூறி இதனைக் கடந்து செல்ல நமக்கு மனம் வரவில்லை.

அப்பண்ணையில் ஒரு மார்ச்சு மாதம் முதல் நாளில், மரம் ஒன்று முரிந்து அவர் தலைமேல் வீழ்வதற்கு இருந்தது. மயிரிழையில் உயிர் தப்பினார். பின்னர் ஆண்டுதோறும் அந்நாளை விழாவாகக் கொண்டாடி மெசீனஸையும் விருந்துக்கு அழைத்தார். போர்க்களத்தில் தப்பியவர் தம் சொந்தத் தோட்டத்தில் மாள இருந்தார்!

கி. மு. 23-ஆம் ஆண்டில் அவருடைய பாடல் தொகுதிகள் மூன்று வெளிவந்தன. அவற்றுள் 88 பாடல்கள் உள. கிரேக்க யாப்பை இலத்தீன் மொழியில் அமைத்தல் எளிதன்று. பல்லாண்டு உழைத்தும் அவர் எதிர்பார்த்த பாராட்டு அன்று கிடைக்கவில்லை. நாம் தொடக்கத்திற் குறித்த சொற்கள் முதல் தொகுதியின் பதினோராம் பாடலில் வருகின்றன. எட்டே அடிகள் கொண்ட பாடல் அது. லூக்கோனோயி என்னும் பெண் தன் ஆயுளின் அளவை அறிய விரும்பிப் பாபிலோனியர் சோதிடக் கணக்கை நாடுகின்றாள். மாரிக்காலத்துக் கடல் பாறைமேல் மோதித் தேய்ந்துகொண்டிருக்கின்றது. கணக்கை விடுமாறு கவிஞர் அவளை வேண்டுகின்றார். ஈண்டு அவர் ஆண்ட வினைச்சொல், கைப்பற்றுதல் என்னும் வன்மைப் பொருளதன்று. கனியையும் மலரையும் கொய்தலைக் குறிப்பது. அதற்குச் சற்று முன்னர் நீண்ட ஆசையைக் குறைக்கச் சொல்லும் இடத்தும், திராட்சைக் கொடியைக் கழிப்பார்க்கு ஏற்ற சொல்லே வருகின்றது. பழுத்ததைப் பறிப்பவன் காயைப் பறியான்; நேற்று உதிர்ந்ததை எண்ணி அழவும் மாட்டான். தமிழிலோ நாளைக் கொய்க என்று எழுதின், நாள் என்பதையோ மறுநாளையோ என்று படிப்பவர் மயங்குவர். ஹொரேஸ் அறிந்திருப்பின் இம்மயக்கத்தைக் கண்டு நகைத்திருப்பார்!

லொலியஸ் என்னும் இளைஞர்க்கு எழுதிய கவிமடலில் இதே கருத்தைக் கல்விக்குப் பொருத்திக் காட்டுகின்றார். ஆற்றுநீர் ஓடி முடிந்த பின்னர்க் கடப்போம் என்று கரையில் அமர்ந்திருக்கும் நாட்டுப்புறத்தானை ஆங்கே காண்கின்றோம். தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் உளவென்று விடுதி வாயிலில் வீற்றிருக்கும் நம் நண்பர் சிலர் நினைவுக்கு வருகின்றனர். அவர் பெயரை வெளியிடோம்.

அகஸ்டஸ் எனப் பட்டம் பெற்ற சக்கரவர்த்தி, ஹொரேஸைத் தம் அந்தரங்கச் செயலாளராக வைத்துக்கொள்ள விரும்பினார். பிறர் தவங்கிடந்து பெறும் பதவி அது. அவர் மறுத்துவிட்டார். மன்னரும் சினந்திலர். தம் பொழுது தமதாயிருத்தல் வேண்டுமென்பதில் அவர் உறுதி அத்தகையது. எனினும் கி. மு. 17-ஆம் ஆண்டில் நடந்த பெருவிழாவிற்கு மன்னர் வேண்டியபடி பாடல் இயற்றித் தந்தார். சிறுவர் 27 பேரும் சிறுமியர் 27 பேரும் அதனைப் பாடினர். அவ்விழாவின் கல்வெட்டு 1890-ஆம் ஆண்டில் ரோமாபுரியிற் கண்டெடுக்கப்பட்டது. அதிற் கவிஞர் பெயர் இன்றும் உள்ளது. இதற்கு இரண்டாண்டு முன்னரே, கி. மு. 19-ஆம் ஆண்டில், வர்ஜில் இறந்திருந்தார்.

மெசீனஸ் நெடுநாள் நோயாளி. சாவை எண்ணி அஞ்சும் இயல்பினர். அவரைத் தேற்றுவான் வேண்டி, நீவிர் சென்றால் நாமும் உடன் வருவோம் என்னும் கருத்துப்பட ஹொரேஸ் முன்னொருகால் பாடியிருந்தார். கவிஞர் வாக்கென்று அதனை எவரும் பெரிதாகக் கொண்டிரார். கி. மு. 8-ஆம் ஆண்டில் மெசீனஸ் காலமானார். தம்மை நினைப்பது போலவே ஹொரேஸையும் நினைக்குமாறு மன்னர்க்கு இறுதி முறியில் வேண்டியிருந்தார். ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குள், நவம்பர் 27-ஆம் நாள், ஹொரேஸ் திடீரென நோயுற்றார். முறி எழுதிக் கையொப்பமிட நேரமில்லை. அகஸ்டஸே தம் உரிமையாளர் என்று வாயாற் சொல்லி உயிர் நீத்தார். எஸ்குவிலின் குன்றின் ஓரத்தில், மெசீனஸ் கல்லறையின் அருகில் அவரை அடக்கம் செய்தனர்.