ஜகதீஷ் சந்திர போஸ்

சர் ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 - நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் தாவரவியல் ஆய்வாளரும் ஆவார். கம்பியில்லாத் தொடர்பின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

வாழ்க்கைச் சுருக்கம்

இன்றைய வங்காளதேசத்தில் பிறந்த இவர், தொடக்கக் கல்வியை வங்காள மொழிப் பள்ளியில் பயின்றார். கொல்கத்தா புனித சேவியர் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியிலும் கற்றார். 1885 இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். இந்தியர் என்பதால் ஐரோப்பியரை விடக் குறைந்த சம்பளமே இவருக்கு ஒதுக்கப்பட்டது. அதை ஏற்க மறுத்து மூன்று ஆண்டுகள் சம்பளம் பெறாமலேயே கற்பித்தார். இறுதியில் நிர்வாகம் முழுச் சம்பளத்தையும் பணியில் சேர்ந்த நாள் முதல் கணக்கிட்டு வழங்கியது.

கம்பியில்லா ஆய்வுகள்

ஹெர்ட்ஸ் ஆய்ந்த மின்காந்த அலைகளை விட மிகக் குறுகிய, சுமார் 5 மில்லிமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்ட அலைகளை இவர் உருவாக்கினார். 1895 இல் கொல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் செய்தார். அலை வந்து சேர்ந்ததும் உணரியின் மின்தடை குறையும்; உடனே மின்னோட்டம் பாய்ந்து கருவியை இயக்கும்.

1899 இல் இரும்பு-பாதரச உணரியைப் பற்றி இலண்டன் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை அளித்தார். 1901 இல் மார்க்கோனி அத்திலாந்திக் கடலைக் கடந்து வந்த குறிகையைப் பெற்றது இவ்வகை உணரியால்தான் என்று 1998 இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை வாதிட்டது.

காப்புரிமை

அறிவு அனைவருக்கும் உரியது என்பது இவரது கொள்கை. நண்பர்களின் வற்புறுத்தலால் கலீனா படிக உணரிக்கு 1904 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அதனால் பொருளீட்ட விரும்பாது காலாவதியாக விட்டுவிட்டார். இதனால் வணிக அளவில் வளர்ந்த வானொலித் துறையில் இவர் பெயர் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது.

பிற்காலமும் தாக்கமும்

பின்னர் தாவரங்களின் தூண்டல் விளைவுகளை ஆராய்ந்தார். 1917 இல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். 1920 இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். கிரிதியில் காலமானார்.

இவர் செய்து காட்டிய தொலைவியக்கம் பிற்காலத்தில் தொழிற்சாலைகளிலும் இடம்பெற்றது. வெப்பநிலை, அழுத்தம் போன்ற அளவீடுகளைக் கம்பியின்றி அனுப்பும் வயர்லெஸ்ஹார்ட் நெறிமுறை 2007 இல் அறிமுகமாகி, 2010 இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. போஸின் மில்லிமீட்டர் அலை ஆய்வுகளை ஐ.இ.இ.இ. அமைப்பு 2012 இல் மின்பொறியியல் வரலாற்றின் மைல்கல்லாக அறிவித்தது.