பன்மொழி கற்றுத் தமிழ் வளர்த்த விபுலாநந்த அடிகளார்

மீன் பாடும் தேன் நாடாகிய மட்டக்களப்பு ஈன்ற சான்றோருள் விபுலாநந்த அடிகளாரை அறியாதார் இலர். அவரது வரலாறு முழுவதையும் கூறுதல் இங்கு எமது கருத்தன்று. அவர் கற்ற பிறமொழிகள் அவரது தமிழ்த்தொண்டிற்கு எவ்வாறு துணைநின்றன என்பதனை மாத்திரம் இவ்விழா மலரிலே கூற விழைகின்றோம்.

அந்நாளில் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காரைதீவிலே, 1892ஆம் ஆண்டு, சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மைந்தராகத் தோன்றியவர் அடிகளார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனம். ஊரிலே தமிழும் வடமொழியும் பயின்று, பின்னர் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கிறித்தவ சபையார் நடாத்திய பாடசாலைகளில் ஆங்கிலம் கற்று, பதினாறு வயதிலே கேம்பிரிட்சு சீனியர்ப் பரீட்சையில் தேறினார். 1911, 1912ஆம் ஆண்டுகளிற் கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார். பின்பு இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்று, 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார்.

பதவியும் புகழும் வளர்ந்துவரும் காலத்தே அவற்றைத் துறந்து 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார். வங்கமொழி பயின்றமை, அம்மொழியிலே பேசி வாழ்ந்த குருமரபினை அணுகி அறிய உதவிற்று. வடமொழி, ஆங்கிலம், வங்கம் என்பவற்றோடு இலத்தீன், கிரேக்கம், பாளி, சிங்களம் முதலியனவும் அவர் பயின்ற மொழிகளாம்.

இம்மொழிகளை அவர் அணிகலனாகப் பூண்டு திரிந்தாரல்லர். அவற்றின் பயனைத் தமிழுக்கே கொணர்ந்தார். வடமொழி நாடக இலக்கணத்தையும் ஆங்கிலப் பெருங்கவி சேக்சுபியரின் நாடகங்களையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தமையாலன்றோ 'மதங்க சூளாமணி' என்னும் நாடகநூல் தமிழுக்குக் கிடைத்தது! 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கும் வழியைச் செப்பஞ் செய்தார். இமயச் சாரலிலே மாயாவதியில் தங்கிப் 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கில ஏட்டை நடாத்திய காலத்தும் பண்டைத் தமிழிசையை மறந்திலர். இளங்கோவடிகள் குறித்த இசை இலக்கணத்தைக் கணிதத்தாலும் ஒலியியலாலும் ஆராய்ந்து, வழக்கொழிந்த யாழின் இயல்பைப் புலப்படுத்தினார். அவ்வாராய்ச்சியின் பயனாகிய 'யாழ்நூல்' 1947 யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. நோயுற்றிருந்த அடிகளார் அவ்வாண்டு யூலை 19ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். வாவிக்கரையிலே கல்லடி உப்போடையில், தாம் அமைத்த சிவாநந்த வித்தியாலயச் சூழலிலே அவர் துயில்கின்றார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர், பிறமொழி கற்றமையால் தமிழில் ஒரு சிறிதும் தளர்ந்தாரோ? இதனை நாம் வினவுவதற்குக் காரணம் உண்டு. வேற்றுமொழி கற்றால் தமிழ்ப்பற்றுக் குறையும் என்று அஞ்சுவாரையும், உத்தியோகத்திற்கு வேண்டிய அளவு ஆங்கிலம் போதும் என்பாரையும், தமிழ் தானே வரும் என்று அதனைக் கற்காது விடுவாரையும் நாம் வகுப்பிலே ஆண்டுதோறும் காண்கின்றோம். இம்மூவர்க்கும் விடையாக நிற்பது அடிகளாரின் வாழ்க்கையே. சொந்தமொழியில் வேரூன்றினார், பிறமொழிகளிற் கிளைத்தார், காயும் கனியும் தமிழுக்கு ஈந்தார்.

இவ்வாவிக்கரையிலே தமிழோடு சிங்களமும் ஒலிக்கின்றது. பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றிலே போர்த்துக்கேயச் சிதைமொழியும் அருகி வழங்குகின்றது. பேசுவார் குறையக் குறைய ஒரு மொழி மாய்ந்துபோம் என்பதற்கு அதுவே கண்முன் உள்ள சான்று. ஆதலின், மாணவர்காள்! தாய்மொழியைத் திருத்தமுறக் கற்பீர். அயலவர் மொழி ஒன்றையேனும் அன்போடு பயில்வீர். பழைய மாணவர்களே! நீவிர் கற்ற மொழிநூல்களுள் வீட்டிலே வாளா கிடப்பன உளவேல், கல்லூரி நூலகத்திற்கு நல்குவீர். அடிகளாருக்கு நாம் செய்யத்தக்க வணக்கம் இதனிற் பிறிதில்லை.