கஞ்சிரா தந்த பெருந்தகை மான்பூண்டியா பிள்ளை

இசை தனித்திருந்து துய்க்கும் பொருளன்று. உணவைத் தனித்திருந்து உண்டாலும் பசி தீரும். இசையையோ, கேட்டவன் தன்னையொத்த ஆர்வலனிடம் எடுத்துரைத்து, அவன் கருத்தையும் கேட்டு, உடன்பட்டும் மறுத்தும் அளவளாவினாலன்றி அதன் சுவை நிறைவெய்துவதில்லை. இக்காலத்து மாணாக்கருள் சிலர் ஜாஸ் என்னும் அமெரிக்க இசையில் ஈடுபாடு கொண்டு, தாம் விரும்பும் இசைத்தட்டுகளை ஒருவருக்கொருவர் அறிமுகஞ் செய்வதையும், இன்ன பதிவில் இன்னார் வாசிப்பே மேம்பட்டது என வழக்கிடுவதையும் நாம் அறிவோம். அதனை வீண்பொழுது என இகழ்வாரும் உளர். நாம் அவ்வாறு கருதுகின்றிலோம். அத்தகைய அளவளாவல் ஒரு கலையை அழியாமற் காத்ததற்கும், அவையேற அருகதையற்றது எனப்பட்டதனை அவையேற்றியதற்கும் நம் புதுக்கோட்டைச் சீமையிலேயே சான்றுண்டு. அச்சான்றாக விளங்குவது மான்பூண்டியா பிள்ளையவர்களின் வாழ்வு.

புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் தனிச் சமஸ்தானமாக விளங்கியது. 1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, 1974-ஆம் ஆண்டு தனி மாவட்டமாயிற்று. இம்மாவட்டத்தைச் சேர்ந்த குடுமியான்மலையில், கோயிலை அடுத்த பாறைமுகத்தில், கிரந்த எழுத்தால் பொறிக்கப்பெற்ற இசைக் கல்வெட்டொன்று உளது. ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டினது என மதிக்கப்பெறும் அக்கல்வெட்டில் சுரக்கோவைகள் ஏழு பகுதிகளாக வகுத்துக் காட்டப்பெற்றுள்ளன. நாட்டின் இசைச் செல்வங்களுள் தலைசிறந்த அதனைக் காணும்போது நமக்கு ஓர் எண்ணம் தோன்றும். எழுத்து அங்கே சிதையாது நிற்கின்றது. எனினும் அச்சுரங்களை அந்நாளையார் எவ்வாறு இசைத்தனர் என்று செவிவழி எடுத்துரைக்கும் மரபு அறுந்துபோயிற்று. அதனால் அறிஞர்கள் அதன் பொருளை ஆய்ந்தவண்ணம் இருக்கின்றனர். மான்பூண்டியா பிள்ளையின் செய்தியோ இதற்கு நேர்மாறானது. அன்னார் கல்லிலும் ஏட்டிலும் ஒன்றையும் பொறித்து வைத்தாரல்லர். அன்னாரது வாசிப்பைக் கேட்டார் இன்று எவருமிலர். ஆயினும் அன்னாரது கலை விரல்தோறும் வாழ்கின்றது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாதென ஆராய்வதே நம் நோக்கம்.

மான்பூண்டியா பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதுக்கோட்டையில் வளர்ந்தவர். மாமுண்டியா பிள்ளை என்றும் அன்னாரை வழங்குவர். இசைவாணர் குடியில் தோன்றி, மழலைப் பருவந்தொட்டே குருகுலத்தில் அமர்ந்து பயின்றவர் அல்லர். விளக்குப் பணி செய்து வயிறு வளர்த்தவர் என்பதே வழிவழி வந்த செய்தி. பிறர் காண்பதற்கு ஒளி காட்டித் தாம் இருளில் நிற்பது அத்தொழிலின் இயல்பு. அவ்வாறு நின்ற இளைஞரின் செவியில், மாரியப்பத் தவில்காரரின் முழக்கம் வந்து வீழ்ந்தது. வீதியிற் சென்றார் அனைவரும் அம்முழக்கைக் கேட்டனர். இவரோ அதனுள் அடங்கிய கணக்கைக் கேட்டார். எந்தச் சொற்கட்டு எவ்விடத்தில் தொடங்குகின்றது, எத்தனை மாத்திரை கடந்து எங்கே வந்து முடிகின்றது என்பவற்றை மனத்தினுள் எண்ணி எண்ணிப் பழகினார். பின்னர் அத்தவில்காரரையே ஆசிரியராகக் கொண்டு லய நுட்பங்களைக் கற்றார். தொழிலால் தாழ்ந்தவன் என்று தள்ளாது, கேள்வி மிக்கவன் என்று ஏற்றுக்கொண்ட அவ்வாசிரியரையும் நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

தவிலைக் கற்றும் தவில் வாசிப்பாராக இவர் அமையவில்லை. பஜனைக் கூட்டங்களில் தாளத்தின் பொருட்டுத் தட்டப்பெறும் ஒருமுகப் பறை போன்ற எளிய கருவியொன்று அந்நாளில் வழக்கிலிருந்தது. அதனை எடுத்துத் திருத்தி, கச்சேரிக்குரிய கருவியாக்கினார். அதுவே கஞ்சிரா. ஏறத்தாழ ஏழு அங்குல அகலமுள்ள பலாமர வளையம். ஒரு முகத்தில் மட்டும் உடும்புத் தோல். வளையத்தில் ஒரு துளையிட்டு, அதில் ஓசை செய்யும் உலோக வில்லைகள். கருவி இவ்வளவே. ஒரு கை அதனைப் பிடிக்க, மற்றொரு கை வாசிக்கும். பிடித்த கையும் வாளா இருப்பதன்று. விரலால் தோலை அழுத்தி ஒலியைத் தாழ்த்தியும் உயர்த்தியும் கும்கி பேசச் செய்யும். தோல் இறுகிய காலத்து உட்புறத்தே சில துளி நீர் தெளித்துப் பதப்படுத்துவர். உடும்பு இக்காலத்து 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பெறும் உயிராதலின், ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் அதனிடத்தைப் பெற்று வருகின்றன.

இக்கருவியோடு ஒருவர் பெரிய வித்துவான்களின் அவையில் வந்து நின்றால் அவர்கள் ஐயுறுவது இயல்பே. மிருதங்கத்திற்கு இரண்டு முகம், சுருதியோடு இசைந்த ஒலி, நூற்றாண்டுகளின் பெருமை. கஞ்சிராவுக்கோ நிலைத்த சுருதியில்லை, வாசிக்கும் கை ஒன்றே, தோற்றமும் எளியது, அதனை ஏந்தி வந்தவரும் விளக்குப் பணி செய்தவர். மான்பூண்டியா பிள்ளை புதுக்கோட்டையிலேயே தங்கியிருந்தால், ஊரார் புகழும் ஒரு விந்தை மனிதராக வாழ்ந்து மறைந்திருத்தல் கூடும். அன்னார் அவ்வாறு அமையாது, தம் கருவியைக் கேட்கத் தக்கவர் எவரோ அவரைத் தேடிச் சோழநாட்டிற்குச் சென்றார்.

அங்கே அந்நாளில் மிருதங்கத்தில் ஒப்பாரும் மிக்காருமின்றி விளங்கியவர் நாராயணசாமி அப்பா. பஜனைகளில் அவர் மிருதங்கம் வாசிப்பதைக் கேட்பதற்கென்றே அன்பர்கள் திரளுவர். அவர் முன்னிலையில் பிள்ளையவர்கள் தம் கஞ்சிராவை வாசித்துக் காட்டினார் என்பதும், அப்பா அவ்வாசிப்பின் புதுமையிலும் கணக்கின் நுட்பத்திலும் வியந்து, இசையுலகிற்கு அவரை அறிமுகஞ் செய்து வைத்தார் என்பதும் லயவாணர் குடிகளில் இன்றுங் கூறப்பெறும் வரலாறு. இந்நிகழ்ச்சியைச் சொல்லுவோர் பெரும்பாலும் பிள்ளையவர்களின் ஆற்றலையே பாராட்டுவர். நாம் அப்பாவின் செவியையும் பாராட்டுகின்றோம். புகழின் உச்சியில் உள்ள ஒருவர், தம் துறையில் புதிதாக வந்த கருவியைத் தமக்குப் போட்டியெனக் கொள்ளாமல், முற்றக் கேட்டு, கேட்டதைப் பிறரிடம் உரைத்தல் எளிய செயலன்று. அவர் கேட்க மறுத்திருப்பின், கஞ்சிரா பஜனை மடங்களின் அளவிலே நின்றிருக்கும். விளக்கேற்றி மரக்காலின் கீழ் மறைத்து வைத்தல் தகாது எனும் வேதாகமக் கருத்தை நம் கல்லூரி மாணாக்கர் நன்கறிவர். விளக்கேந்தி நின்றவரையே தண்டின்மேல் ஏற்றி வைத்த பெருமை அப்பாவுக்கு உரியது.

அதன் பின்னர்க் கச்சேரி மேடைகளில் கஞ்சிரா இடம் பெற்றது. பிள்ளையவர்களின் வழியில் வளர்ந்த முறையே இன்று புதுக்கோட்டை வழி எனப்படுவது. தவிலிலிருந்து கொண்ட வேகமும் வீறும், பிழையறியாக் கணக்கும் அதன் சிறப்பியல்புகள். கணக்கென்பது யாது என வினவும் மாணாக்கர்க்கு ஓர் எளிய எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தத்தில் எட்டு அட்சரங்கள். அட்சரத்திற்கு நான்காக 32 மாத்திரைகள். ததிகிணதொம் என்னும் ஐந்தெழுத்துச் சொற்கட்டை மும்முறை இடைவிடாது வாசித்தால் 15 மாத்திரையாகும். ஆதலின் 17 மாத்திரை கழிந்தபின் அதனைத் தொடங்கினால், ஆவர்த்தம் நிறையும்போது சொற்கட்டும் நிறைந்து, அடுத்த சமத்தில் பாட்டோடு வந்து கூடும். இது குழவிப் பாடம். இதனை விரித்தும் சுருக்கியும் பெருக்கியும், பாடுவோர் எதிர்பாராத இடத்தில் தொடங்கி எதிர்பார்த்த இடத்தில் வந்து சேர்வதே வல்லாரின் ஆட்டம். ஏடு பிடித்து இதனைக் கற்றல் அரிது. ஒருவர் வாசிக்க, மற்றவர் கையில் தாளமிட்டு, எங்கே தொடங்கினீர், எவ்வாறு முடிந்தது என வினவி வினவியே கற்றல் வேண்டும். கச்சேரி முடிந்த இரவிலும் திண்ணைகளில் லயப் பேச்சு ஓயாதிருந்தமைக்குக் காரணம் இதுவே.

அவ்வாறு பிள்ளையவர்களிடம் பயின்றவருள் தலையாயவர் இருவர். ஒருவர் புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. 1875-ஆம் ஆண்டு பிறந்து 1936-ஆம் ஆண்டு மறைந்தவர். கஞ்சிராவோடு மிருதங்கத்தையும் ஆண்டவர். பல பக்க வாத்தியங்களைச் சூழ வைத்துப் பாடிய காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளையின் புகழ்பெற்ற கச்சேரிகளில் அன்னாரின் கை தனித்து ஒளிர்ந்தது. மற்றவர் பழனி முத்தையா பிள்ளை. மான்பூண்டியா பிள்ளை 1922-ஆம் ஆண்டு இம்மண்ணுலகை நீத்தபோது, அன்னாரின் வித்தை இவ்விருவர் கையிலும் ஊறி நின்றது.

முத்தையா பிள்ளையின் மைந்தர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. அன்னார் இடக்கைப் பழக்கமுடையவர். மிருதங்கத்தின் வலந்தலை அவையோரை நோக்கியிருத்தல் வேண்டுமாதலின், இடக்கையால் வாசிப்பவர் மேடையில் பிடில்காரரோடு இடம் மாறி அமர வேண்டும். அதற்கு இசையாத பிடில்காரரும் இருந்தமையால், இளமையில் அவர்க்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்புகள் பல கிடைக்கவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் அவரது வாசிப்பின் அருமையை உணர்ந்து, தம் கச்சேரிகளில் அமர்த்திக்கொண்டு ஆதரித்தார். பிற்காலத்தில் மிருதங்கத் துறையின் முதல்வர்களுள் ஒருவராக உயர்ந்து, 1962-ஆம் ஆண்டு அன்னார் மறைந்தார். விளக்குப் பணியாளரை அப்பா கேட்டார். இடக்கையரைப் பாகவதர் கேட்டார். புதுக்கோட்டை வழியின் வரலாற்றில் திறந்த செவி ஒன்று திருப்பந்தோறும் காத்து நின்றதனை நாம் காண்கின்றோம். மூடிய செவிகளும் இருந்தன என்பதை மறத்தலாகாது. கேட்கப்பெறாமலே மறைந்தவர் எத்துணையரோ!

இனி, ஜாஸ் ஆர்வலர்க்கு ஒரு சொல். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில், அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களின் வழிவந்தோர் அவ்விசையை உருவாக்கிய காலம், மான்பூண்டியா பிள்ளை வாழ்ந்த காலமே. ஜாஸ் என்னும் பெயர் தாங்கிய முதல் இசைத்தட்டு 1917-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை இசைத்தவரோ வெள்ளையர். அவ்விசையின் தொடக்கத்தில் நின்றவராகப் போற்றப்பெறும் பட்டி போல்டன் என்னும் கறுப்பினக் கார்னெட் இசைஞர், 1907-ஆம் ஆண்டு மனநோய் விடுதியில் சேர்க்கப்பெற்று, 1931-ஆம் ஆண்டு அங்கேயே மறைந்தார். அன்னாரது வாசிப்பு ஒன்றேனும் நமக்குத் தட்டாகக் கிடைக்கவில்லை. அன்னாரின் பெயரை உலகறியச் செய்தது, கேட்டவர் கேளாதவர்க்குச் சொன்ன சொல்லே. கடல்கள் இடையிட்ட இரு நாடுகளில், ஒருவரையொருவர் அறியாத இருவர்க்கு நேர்ந்த இவ்வொற்றுமை நம் நெஞ்சைத் தொடுகின்றது.

அவ்விரு மரபுகளும் பின்னர் ஒரே மேடையில் சந்தித்தன. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மக்லாப்லின் 1970-களில் நம் நாட்டு இசைவாணரோடு சேர்ந்து சக்தி என்னும் குழுவை அமைத்தார். அதில் கடம் வாசித்தவர் விக்கு விநாயகராம். அக்குழு பின்னர் மீண்டும் கூடியபோது அவர் மைந்தர் செல்வகணேஷ் கஞ்சிராவோடு அமர்ந்தார். 2024-ஆம் ஆண்டு அக்குழுவின் இசைத்தொகுதி கிராமி விருது பெற்றது. புதுக்கோட்டையில் ஒருவர் கையில் உருப்பெற்ற சிறு வளையம், ஜாஸ் கிட்டாரோடு வினாவும் விடையுமாகப் பேசுவதை மாணாக்கர் அக்குழுவின் பதிவுகளில் கேட்கலாம்.

ஆதலின், நம் மாணாக்கரின் இசைத்தட்டுப் பேச்சு வளர்க என்றே நாம் வாழ்த்துகின்றோம். ஆனால் அதனோடு ஒரு கடனும் உண்டு. புகழ்பெற்றாரின் தட்டுகளையே மாறிமாறிப் போற்றுவதோடு நில்லாமல், பதிவு செய்வாரற்ற கலைஞர் நம் ஊர்த் திருவிழாக்களிலும் பஜனை மடங்களிலும் தேவாலயத் திருநாட்களிலும் வாசிக்கும்போது அருகிருந்து கேளுங்கள். கேட்டதை நண்பர்க்கு உரையுங்கள். இயலுமாயின் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மான்பூண்டியா பிள்ளைக்கு நாம் செய்யத்தக்க நன்றிக்கடன் அதனினும் மேலானது பிறிதில்லை.