எல்லை தாண்டிய சொட்டு

பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. ஆயினும் நாடுவிட்டு நாடு போகிறது இளம்பிள்ளை வாதம்! அதை மடக்கும் மருந்தும் எல்லைகளைத் தாண்டியே தீரவேண்டுமெனக் கண்டவர் ஆல்பர்ட் சேபின்.

1906-இல், ஜாரின் ஆட்சியிலிருந்த பியாலிஸ்டாக் நகரிலே (இன்று அது போலந்தில் இருக்கிறது) யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். 1921-இல் பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறினார். பல் வைத்தியம் படிக்கச் சேர்ந்தவர், மனம் மாறி மருத்துவரானார்.

கிருமி மூக்குவழியே மூளைக்கு ஏறுகிறதென்று நிபுணர்கள் பலர் நம்பிய காலம் அது. இறந்தோர் உடலை ஆராய்ந்தார் சேபின். கிருமி குடியிருந்த இடம் குடல்! குடலில் இருப்பது மலத்தோடு வெளியேறும், சாக்கடையில் கலக்கும், அசுத்த நீரோடு இன்னொரு குழந்தையின் வாய்க்குப் போகும். ஆகவே, வலுவிழக்கச் செய்த கிருமியையே வாய்வழி மருந்தாக்கினார். தாமே விழுங்கினார், தம் பெண்மக்களுக்கும் கொடுத்தார்.

அமெரிக்காவோ 1955-லேயே சால்க்கின் ஊசியை ஏற்றுவிட்டது. சேபினின் மருந்துக்கு அங்கே பெருஞ்சோதனைக்கு வழியில்லை. வாஷிங்டனும் மாஸ்கோவும் முறைத்துக்கொண்டிருந்த 1956-இல் சோவியத் விஞ்ஞானி சுமக்கோவ் அமெரிக்கா வந்தார். சேபின் லெனின்கிராடு சென்றார். பிறகு கிருமி வித்துக்களும் சென்றன! சுமக்கோவும் சாமானியரல்லர். 1937-இல் கீழ்க்கோடிக் காட்டிலே மூளைக்காய்ச்சலை ஆராயப் போய், அதே நோய் தொற்றி, வலக்கை செயலிழந்தவர். அவர் முயற்சியால் 1960 முடிவதற்குள் சோவியத்தில் ஏழரைக் கோடிப் பேருக்கு மேல் மருந்து பெற்றனர். மிட்டாயாகவும் அது கொடுக்கப்பட்டது. 1961-இல் ஜப்பானியத் தாய்மார் கிளர்ந்தெழவே, அந்த அரசு சோவியத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் 1.3 கோடி தவணை மருந்தைத் தருவித்தது.

சேபின் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கோடீசுவரர்! 1993-இல் மறைந்தார்.

இந்தியாவில் கடைசியாக இந்நோய் கண்டது 2011 ஜனவரியில், ஹௌராவில், ஒரு சிறுமிக்கு. 2014-இல் நாடு விடுபட்டதாகச் சான்று கிடைத்தது. கிருமி திரும்பவும் நுழையாதிருக்க, நோயுள்ள நாடுகளிலிருந்து வருவோர் சொட்டு மருந்து போட்டதற்குச் சான்று காட்டவேண்டுமென்ற விதியும் அவ்வாண்டே வந்தது.

குறையையும் மறைக்கலாகாது. மருந்து பெறாதோர் மிகுந்த இடத்தில், சொட்டிலுள்ள கிருமி பரவிப் பரவி, அரிதாக, பழைய வலுவைப் பெற்றுவிடும். 2022-இல் நியூயார்க் அருகே ஒருவர் அதனால் முடங்கினார். அவ்வாண்டே லண்டன் சாக்கடை நீரிலும் அத்தகைய கிருமி அகப்பட்டது. சாக்கடையைச் சோதிக்கும் ஏற்பாட்டுக்கு அடிப்படை, கிருமி குடலில் வாழ்கிறதென்ற உண்மைதான்! அங்கே ஒரு குழந்தையும் முடங்குமுன்பே, 1 முதல் 9 வயதுப் பிள்ளைகளை மருந்துக்கு அழைத்தார்கள். போட்டது சொட்டன்று; சால்க் வழி வந்த ஊசி.