பேராசிரியர் ஸ்கின்னர்

களக்காட்டு வாழைத்தோட்டங்களுக்கு மலையினின்றும் இறங்கி வரும் குரங்கிற்கு ஒருநாள் பழம் கிடைக்கின்றது. இருநாள் கல்லடி கிடைக்கின்றது. ஆயினும் அது வருவதை விடுவதில்லை. எப்போதாவது கிடைக்கும் பலனே செயலை நெடுநாள் நிலைநிறுத்தும் என்னும் இவ்வுண்மையை எலியையும் புறாவையும் கொண்டு அளந்து காட்டியவர் பி. எப். ஸ்கின்னர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர்.

இவர் 1904ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆம் நாள், பென்சில்வேனியா மாகாணத்துச் சஸ்குவெகன்னா என்னும் சிற்றூரில் ஒரு வழக்கறிஞருக்கு மகனாய்ப் பிறந்தார். பிரஸ்பிற்றேரியன் சபையில் வளர்ந்தும் இளமையிலேயே விசுவாசத்தைக் கைவிட்டார். இது நம்மனோர்க்கு வருத்தந் தருவதே. எனினும் அவர் கண்டதை அதன்பொருட்டு ஒதுக்குதல் முறையன்று. 1926இல் பட்டம் பெற்றுக் கதாசிரியராக முயன்று தோல்வியுற்றார். 1928இல் ஹார்வர்டு சர்வகலாசாலையை அடைந்து, 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1949இல் இந்தியானாவைச் சேர்ந்த புல்லர் என்பவர் ஸ்கின்னரது முறையைப் பதினெட்டு வயது இளைஞன் ஒருவனிடம் கையாண்ட செய்தியை வெளியிட்டார். அவ்விளைஞன் பிறந்தது முதல் படுத்த படுக்கையாய்க் கிடந்தவன். எதனையும் கற்கவொண்ணாதவன் என்று வைத்தியர் கைவிட்டவன். வலக்கை சிறிது அசையுந்தோறும் சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான பாலை வாயில் விட, சில அமர்வுகளுள் அவன் கையைத் தானே உயர்த்தக் கற்றான்! பாளையங்கோட்டையிலே செவிடர்க்கும் குருடர்க்கும் பள்ளிகள் எழுந்ததைக் கண்ட நாட்டார்க்கு இதன் அருமை விளங்காமற் போகாது.

1953இல் ஸ்கின்னர் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கச் சென்றார். விடை சரியோ தவறோ என்பதை உடனே அறியாமலும், வல்லோரும் மெல்லியோரும் ஒரே வேகத்தில் இழுக்கப்பட்டும் பிள்ளைகள் வாடுவதைக் கண்டு, கற்பிக்கும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். தண்டனை தீச்செயலைச் சிறிது காலம் அடக்குமேயன்றி நற்செயலைக் கற்பியாது என்பது அவர் துணிபு. பிரம்பை நம்பிய ஆசிரியர் இதனைச் சிந்திப்பாராக.

அவர் வழியில் நடத்தை ஆய்வுக் கலை தனித் தொழிலாயிற்று. 1960க்குப் பின் சிலர் ஆட்டிசக் குழந்தைகளை அடித்தும், மின்னதிர்ச்சி தந்தும் திருத்த முயன்றது பெருங்கொடுமை. தகுதியற்றோர் கையில் இக்கலை ஆயுதமாகும் என்பதாற்றான் முதுகலைப் படிப்பு, மேற்பார்வையின்கீழ்ப் பல நூறு மணிநேரப் பயிற்சி, பரீட்சை ஆகிய மூன்றும் விதிக்கப்பட்டன. 1998இல் அமெரிக்காவில் சான்றளிக்கும் வாரியம் தோன்றியது. பின்னர்ப் பல மாகாணங்கள் உரிமச் சட்டமும் இயற்றின. 2023 முதல் அவ்வாரியம் நம் நாட்டில் வசிப்போரின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. நமது 1992ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கழகச் சட்டம் மருத்துவ உளவியலாரையும் சிறப்புக் கல்வி ஆசிரியரையும் பதிவு செய்யுமேயன்றி, இத்தொழிலைத் தனியே குறிப்பிடவில்லை. ஆதலின் பெயர்ப்பலகையைக் கண்டு குழந்தையை ஒப்புவிக்கும் பெற்றோர், அவர் எங்கே, எவரிடம், எத்தனை காலம் பயின்றார் என்று தாமே வினவியாக வேண்டும்.

1989இல் ஸ்கின்னருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. 1990 ஆகஸ்டு 10ஆம் நாள் பாஸ்டன் நகரில் உளவியலார் பேரவையில் குறிப்புத்தாளின்றி உரை நிகழ்த்தினார். அவ்வுரையைக் கட்டுரையாக்கும் வேலையில் இருந்தவாறே 18ஆம் நாள் காலமானார்.