இரு களம் கண்ட வீரர்

கோடையில் நீர் வற்றிய கண்மாய்களே திருமங்கலம் வட்டாரத்துச் சிறுவர்க்கு ஆடுகளங்கள். காலையில் ஓர் ஆட்டம், மாலையில் வேறோர் ஆட்டம் என ஒரே சிறுவன் இரண்டிலும் சிறந்து விளங்குவதை அங்குக் காணலாம். ஆனால், வளர்ந்து ஆளான பின்னும் இரண்டையும் விடாது பற்றி, இரண்டிலும் நாட்டிற்காக ஆடியோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் எம். ஜே. கோபாலன்.

அவர் 1909-ஆம் ஆண்டு சூன் 6-ஆம் நாள் செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள மொறப்பாக்கத்தில் பிறந்தார். பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணியே அவர்தம் ஊராயிற்று. அவருடைய பந்துவீச்சின் வேகத்தைக் கண்டு வியந்த ஆங்கிலேய ஆட்டக்காரர் சி. பி. ஜான்ஸ்டன், பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைக்கச் செய்தார். விளையாட்டு சோறு போடாத அக்காலத்தில் அது பேருதவியன்றோ!

1934 சனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் பந்தயத்தில் கோபாலன் ஆடினார். அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் நாள் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் தொடங்கியது. சென்னைக்காக முதற்பந்தை வீசியவர் அவரே. மைசூர் அணி 48, 59 என இருமுறையும் சுருண்டது. தொடங்கிய நாளிலேயே ஆட்டமும் முடிந்தது!

மறு ஆண்டு ஹாக்கிக் கோலுடன், தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்றார்.

1936-இல் வந்தது சோதனை. பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கித் தேர்வாட்டத்திற்கும், இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணிக்கும் ஒருங்கே அழைப்பு வந்தது. இரண்டனுள் ஒன்றையே ஏற்க இயலும். 1928, 1932 ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றிருந்தது. எனினும் கோபாலன் கிரிக்கெட்டையே தேர்ந்தார்.

இங்கிலாந்தில் மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலேனும் அவருக்கு இடம் கிட்டவில்லை. ஆகஸ்டு 15-ஆம் நாள் இலண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாம் டெஸ்ட் தொடங்கியது. அதே நாளில் பெர்லினில் இந்திய ஹாக்கி அணி செர்மனியை 8-1 என வென்று தங்கம் பெற்றது. அவர் தேர்வைப் பிழையென்பது முடிவை அறிந்த நமக்கு எளிது. கப்பலேறும் நாளில் முடிவை யார் அறிவார்?

அதன்பின்னும் அவர் சென்னைக்காகப் பல்லாண்டுகள் ஆடினார். 1953-இல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்று பெயரிட்டனர். 2003 டிசம்பர் 21-ஆம் நாள், 94-ஆம் வயதில் அவர் மறைந்தார். சேப்பாக்க அரங்கின் வாயில்களுள் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தை அவர் வீசியது அம்மைதானத்தில்தான்.