70 ரூபாய்க்கு ஐந்து வால்வு!

ஜி.டி.நாயுடு என்றதும் நம்மில் பலருக்குக் கோயம்புத்தூரும் ஷேவிங் ரேசரும்தான் ஞாபகம் வரும். வால்வு செட்டில் கை வைத்தவர்களுக்கோ அவர் இன்னும் நெருங்கின சொந்தம்.

1893 மார்ச் 23 அன்று கோவை அருகே கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. மூன்றாம் வகுப்போடு சரி. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அதைப் பார்த்ததும் நம்ம ஆளுக்கு வேறு நினைப்பே இல்லை. கோவையில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, அதே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கி ஊர் சுற்றினாரா? அதுதான் இல்லை. நட்டு போல்ட்டாகக் கழற்றிப் போட்டுத் திரும்ப மாட்டினார். திருவொற்றியூரில் புல்லட் தயாரிக்கத் தொடங்குவதற்குப் பல வருஷம் முந்தின கதை இது!

1920-ல் பொள்ளாச்சி – பழனி பாதையில் ஒரே ஒரு பஸ்ஸைத் தானே ஓட்டினார். அதுதான் யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் டி.பாலசுந்தரத்தோடு சேர்ந்து மின் மோட்டார் செய்தார்.

வெளிநாட்டு ரேடியோ பணக்கார வீட்டுச் சாமானாக இருந்த காலம். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இங்கேயே செய்ய முடியும் என்று 1941-ல் அறிவித்தார் நாயுடு. பொதுவாக ஐந்து வால்வு செட்டில் முதல் இரண்டும் ஸ்டேஷனைப் பிடிக்க. அடுத்த இரண்டும் சத்தத்தைப் பெருக்க. கடைசி ஒன்று ரெக்டிஃபையர். அதாவது பின்பாதி முழுக்க, நாம் வீட்டில் கட்டுகிற ஆம்ப்ளிஃபயரேதான்.

அந்த ஆம்ப்ளிஃபயர் பாட்டுக்கு மேலே 'உம்'மென்று உறுமினால் என்ன செய்வோம்? கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றினால் காசுதான் போகும். ஸ்பீக்கர் பக்கமிருந்து ஒவ்வொரு ஸ்டேஜாகப் பின்னால் வரணும். அவுட்புட் வால்வின் க்ரிட்டை எர்த் பண்ணியும் உறுமல் நிற்கவில்லையா? சப்ளையைப் பாருங்க; பெரும்பாலும் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கும். நின்றுவிட்டதா? அப்போ கோளாறு முன் ஸ்டேஜில். ஹீட்டர் வயர் க்ரிட் வயரோடு ஒட்டிப் போகிறதா என்று பாருங்க. (செட்டை அணைத்த பிறகும் கண்டென்சரில் 250 வோல்ட் தேங்கி நிற்கும். டிஸ்சார்ஜ் பண்ணாமல் கை வைக்காதீங்க!) ரட்ஜ் வண்டியில் நாயுடு கற்றதும் இதே வழிதான்: பிரி, பார், மாட்டு.

நம்மைத் தொடுகிற விஷயம் இனிமேல்தான். அவர் கொடுத்த நன்கொடையில் 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், கூடவே பொறியியல் கல்லூரியும் வந்தன. மூன்றாம் வகுப்புக்காரர் முதல்வர் ஆனார்! நாலு வருஷப் படிப்பு மாணவர் காலத்தை வீணடிக்கிறது, இரண்டு வருஷம் தாராளம் என்று வாதாடினார். அரசாங்கம் ஏற்கவில்லை. பதவியை உதறிவிட்டு வந்துவிட்டார். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. வால்வின் கணக்கு ஸ்பேனர் பிடித்தால் மட்டும் வராது. ஆனால் ரெக்கார்ட் நோட் எழுதுகிற நேரத்தைக் கழித்துப் பார்த்தால், அவர் சொன்னது அப்படியொன்றும் தப்பாகத் தெரியவில்லை.

1950-களில் அரசின் வரிக் கொள்கையை எதிர்த்து, தாம் செய்த பொருட்களைப் பொது இடத்தில் தாமே உடைத்தார். செய்தவர் கையாலேயே உடைவதைப் பார்த்த கூட்டத்துக்கு எப்படி இருந்திருக்கும்!

1974 ஜனவரி 4-ல் காலமானார். அந்தப் பொறியியல் கல்லூரிதான் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. இண்டஸ்ட்ரியல் விசிட்டில் கோவைப் பக்கம் போகிறவர்கள், அவிநாசி சாலையில் இருக்கிற ஜி.டி.நாயுடு கண்காட்சியையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாங்க.